பழைய காருக்கு ‘ஸ்ட்ரட் பார்’ போடலாமா? மாட்டும் முன் பார்க்க வேண்டியவை என்னென்ன?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று செட்டிநாட்டு ஊர்களில் பல பெரிய வீடுகள் வருடத்தில் சில நாட்கள்தான் முழுதாகத் திறந்திருக்கும். கல்யாணம், படைப்பு, பொங்கல், ஊர்த் திருவிழா என்று ஏதாவது வந்தால் சென்னை, பெங்களூரு, வெளிநாடு என எல்லாப் பக்கமிருந்தும் சொந்தங்கள் வந்து சேரும். அப்போது வீட்டோடு சேர்ந்து இன்னொன்றும் தூக்கம் கலையும். அது போர்ட்டிகோவில் கவர் போட்டு நிற்கும் பழைய கார்.

தாத்தாவின் அம்பாசடர், அப்பா முதல்முதலில் வாங்கிய ஜென், சித்தப்பா ஊரிலேயே விட்டுச் சென்ற எஸ்டீம். ‘விக்க மனசு வரல’ என்பதற்காகவே வைத்திருக்கும் கார்கள் இவை. ஐ.டி. வேலையில் இருக்கும் அடுத்த தலைமுறை அந்தச் சாவியைக் கையில் எடுக்கும்போது, ‘இதைக் கொஞ்சம் சரி பண்ணி ஓட்டலாமே’ என்று ஆசை வருவது இயல்பு. போனில் தேடினால் முதலில் கண்ணில் படுபவற்றில் ஒன்று, பானெட்டைத் திறந்ததும் பளபளவென்று குறுக்கே நிற்கும் ஒரு கம்பி. ‘இத மட்டும் மாட்டுங்க, வண்டி ரோட்டை அப்படியே பிடிச்சுக்கும்’ என்கிறது வீடியோ.

அந்தக் கம்பிக்குப் பெயர் ஸ்ட்ரட் பார். ஸ்ட்ரட் பிரேஸ், டவர் பார் என்றும் சொல்வார்கள். விலை பெரும்பாலும் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். நாலைந்து நட்டைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது என்பதால், பழைய காரில் பலர் செய்யும் முதல் மாற்றமாக இது ஆகிவிட்டது.

உண்மையில் இது வேலை செய்யுமா? எந்தக் காருக்குப் பொருந்தும்? 20 வயதுக் காரில் இதை மாட்டுவது பாதுகாப்பானதா?

சுருக்கமான பதில்

வேலை செய்யும். ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. டயர், புஷ், ஷாக் அப்சார்பர், துரு ஆகிய நான்கையும் பார்க்காமல் பாரை மட்டும் மாட்டினால், பணம் வீணாவது ஒரு பக்கம் இருக்கட்டும், பெரிய கோளாறு ஒன்று பளபளப்பான கம்பிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் ஆபத்து உண்டு. ஏன் என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

ஸ்ட்ரட் பார் என்ன செய்கிறது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே பழைய தேக்கு மேசை வாங்குபவர், மேல்பலகையில் இரண்டு கையையும் வைத்து ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். மேசை ஆடினால், கால்களுக்கு இடையே ஒரு குறுக்குச் சட்டம் அடித்துக் கொடுப்பார் தச்சர். ஆட்டம் நின்றுவிடும்.

ஸ்ட்ரட் பார் செய்வதும் அதே வேலைதான். இன்றைய பெரும்பாலான கார்களில் முன்சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு தூண் நிற்கும். அதுதான் ஸ்ட்ரட். அதன் மேல்முனை, பானெட்டுக்குக் கீழே இடமும் வலமுமாக இருக்கும் இரண்டு குமிழ் போன்ற இரும்புப் பகுதிகளில் நட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அந்தக் குமிழ்களை ஸ்ட்ரட் டவர் என்கிறார்கள். பானெட்டைத் திறந்தால் ஒவ்வொரு டவரின் உச்சியிலும் இரண்டு அல்லது மூன்று நட்டுகள் தெரியும்.

வளைவில் திரும்பும்போது காரின் எடை வெளிப்பக்கச் சக்கரத்தில் சாயும். டயருக்கும் சாலைக்கும் இடையில் உருவாகும் பக்கவாட்டு விசை, ஸ்ட்ரட் வழியாக மேலே ஏறி டவரைத் தள்ளும். டவர் தகட்டு இரும்பால் ஆனது, அதனால் கண்ணுக்குத் தெரியாத அளவு நெளியும். அந்தச் சிறு நெளிவே சக்கரம் நிற்கும் கோணத்தை லேசாக மாற்றிவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவே ஒரு ‘தயக்கம்’ இருப்பது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு டவர்களையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், ஒரு பக்கம் வரும் விசையை இன்னொரு பக்கமும் பகிர்ந்துகொள்ளும். நெளிவு குறையும், சக்கரம் தன் கோணத்தில் நிற்கும். இதில் மாயம் எதுவும் இல்லை.

எல்லாப் பழைய காருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. செட்டிநாட்டு வீடுகளில் அதிகம் பாசத்தோடு பார்க்கப்படும் இரண்டு கார்களுக்கே இது பொருந்தாது.

அம்பாசடரின் முன்பக்கத்தில் ஸ்ட்ரட் கிடையாது. அதில் இருப்பது டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொள்ளும் நீளமான இரும்புத் தண்டு. பிரீமியர் பத்மினியில் இரட்டை விஷ்போன் எனப்படும் இரண்டு கைகளும் சுருள் ஸ்பிரிங்கும் இருக்கும். இந்த இரண்டிலும் சக்கரத்தின் கோணத்தைத் தீர்மானிப்பது கீழே உள்ள கைகள். பானெட்டுக்குள் குறுக்குக் கம்பி மாட்டினால் பார்க்க நன்றாக இருக்கலாம், ஓட்டுவதில் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஸ்ட்ரட் முறையை வடிவமைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன். அதனால் இதற்கு ‘மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்’ என்றே பெயர். 1950-ல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்கள் இந்த முறையைப் பரவலாக்கின. உதிரிபாகம் குறைவு, இடமும் குறைவாகவே பிடிக்கும், செலவும் கம்மி என்பதால் சிறிய கார்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. இந்தியாவில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்த முறையை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுவந்தது. பிறகு 1993-ல் ஜென், 1994-ல் எஸ்டீம், 1998-ல் ஹூண்டாய் சான்ட்ரோ, 1999-ல் ஃபோர்டு ஐகான் என எல்லாமே முன்பக்கத்தில் ஸ்ட்ரட் கொண்டவைதான். இவற்றில் சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டையிலும் ஐகான் மறைமலை நகரிலுமாகத் தமிழ்நாட்டிலேயே தயாரானவை.

ஆக, ஸ்ட்ரட் பார் பற்றி யோசிக்கலாம் என்றால் அது இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான். அதிலும் உங்கள் காரின் மாடலுக்கென்றே செய்த பாராக இருக்க வேண்டும். ‘எல்லா வண்டிக்கும் செட் ஆகும்’ என்று விற்கப்படுவதைத் தவிர்ப்பது நல்லது.

மாட்டினால் எங்கே வித்தியாசம் தெரியும்?

வளைவில் மட்டும்தான், அதுவும் கொஞ்சம் வேகமான வளைவில்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிக்கு வரும் சாலையில் பெரும்பகுதி நேர்ப்பாதை. அங்கே ஸ்ட்ரட் பார் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் ஏறி இறங்கினால், ஸ்டீயரிங் கொஞ்சம் உடனடியாகப் பதில் சொல்வது போலத் தெரியலாம். ரேஸ், ராலி கார்களில் இது வழக்கமான பொருளாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

பார் செய்யாத வேலைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

• பள்ளத்தில் விழும்போது வரும் ‘டங்’ சத்தத்தைக் குறைக்காது.
• பிரேக் பிடிக்கும் தூரத்தைக் குறைக்காது.
• கார் ஒரு பக்கமாக இழுப்பதைச் சரிசெய்யாது.
• வளைவில் கார் சாய்வதைக் குறைக்காது. அது ஸ்பிரிங், ஷாக், ஆன்டி-ரோல் பார் ஆகியவற்றின் வேலை.
• தேய்ந்த டயருக்குப் பிடிமானம் தராது.

பழைய கார் வைத்திருப்பவர்களின் குறைகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கும். ‘வண்டி ஆடுது’ என்று சொல்லி பார் வாங்குபவர்களில் பலருக்கு ஏமாற்றமாவது இதனால்தான்.

‘வண்டி ஆடுது’ என்றால் முதலில் எதைப் பார்ப்பது?

வருடத்தில் பல மாதங்கள் நின்றுகொண்டே இருக்கும் கார், தினமும் ஓடும் காரைப் போலத் தேய்வதில்லை. அது வேறு விதமாகக் கெட்டுப்போகும். ரப்பர் காய்ந்து வெடிக்கும், ஷாக்கில் எண்ணெய் கசியும், டயர் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகும். மீட்டரில் 40,000 கி.மீ. மட்டுமே காட்டும் காருக்கும் இதெல்லாம் நடக்கும். எனவே பார்க்கும் வரிசை இப்படி இருக்கட்டும்.

1. டயர்: பட்டன் நன்றாக இருக்கிறது என்பதால் டயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றிருந்தால் அது 2016-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலோ வயது ஆகியிருந்தாலோ முதல் செலவு அங்கேதான். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஆட்டத்துக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

2. புஷ், பால் ஜாயின்ட்: லோயர் ஆர்ம் உடலோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். அது கிழிந்துவிட்டால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஆடும், பள்ளத்தில் சத்தம் வரும். பால் ஜாயின்ட்டும் டை ராட் எண்டும் லூசாக இருந்தால் அது நேரடியாக உயிர்ப் பிரச்சினை. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்த பிறகு மெக்கானிக் சக்கரத்தை மேலும் கீழும், இடமும் வலமும் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

3. ஷாக் அப்சார்பர், ஸ்ட்ரட் மவுண்ட்: ஷாக்கின் வெளிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதன் காலம் முடிந்தது. ஸ்ட்ரட்டின் உச்சியில் ஒரு ரப்பர் மவுண்ட் இருக்கும். ஸ்ட்ரட் பார் உட்காரப்போவது அதற்கு நேர் மேலேதான். ரப்பர் மவுண்ட் பிய்ந்திருந்தால், மேலே எவ்வளவு கனமான பார் போட்டாலும் ஸ்ட்ரட் உள்ளே ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

4. வீல் அலைன்மென்ட்: மேலே உள்ளதெல்லாம் சரியான பிறகே இதைச் செய்ய வேண்டும். புஷ் போன காருக்கு அலைன்மென்ட் பார்ப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

இந்த நான்கும் முடிந்த பிறகு காரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அத்தோடு ஸ்ட்ரட் பார் வாங்கும் ஆசையே போய்விடலாம். அவ்வளவு வித்தியாசம் தெரியும்.

பெரிய எதிரி துரு

தேக்கு மேசைக்குத் திரும்புவோம். ஆடும் மேசைக்குக் குறுக்குச் சட்டம் போடலாம். ஆனால் மேசையின் காலையே செல் அரித்திருந்தால்? சட்டத்தை எங்கே அடிப்பது?

பழைய காரில் செல் போல வேலை செய்வது துரு. ஸ்ட்ரட் டவர் என்பது பல தகடுகளைச் சேர்த்து ஸ்பாட் வெல்டிங் செய்த பகுதி. தகடும் தகடும் சேரும் இடுக்குகளில் சக்கரம் வாரி அடிக்கும் சேறும் தண்ணீரும் தங்கும். மேலிருந்து பார்த்தால் பெயின்ட் பளிச்சென்று இருக்கும், அடியில் தகடு அப்பளமாக ஆகியிருக்கும்.

துருவைப் பற்றிப் பேசக் காரைக்குடியை விடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் குறைவு. உலோகம் எப்படி அரிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பதை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது ‘செக்ரி’, இந்த ஊரில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உலோக அரிப்பு இந்த நிறுவனத்தின் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்று.

துரு என்பது ஒரு மின்வேதியியல் நிகழ்வு. இரும்பு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் இரும்பின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மின்கலங்கள் உருவாகும். ஒரு இடத்தில் இரும்பு கரையும், இன்னொரு இடத்தில் ஆக்சிஜன் வினைபுரியும். உப்பு இருந்தால் மின்சாரம் சுலபமாகப் பாயும், அரிப்பு வேகமெடுக்கும். கடற்காற்றில் இரும்பு சீக்கிரம் போவதற்கு இதுதான் காரணம். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டதற்கும் தூக்குப் பாலப் பகுதியில் ஏற்பட்ட அரிப்பே காரணம்.

செட்டிநாடு வறண்ட பகுதி, கார் இங்கேயே நின்றிருந்தால் கொஞ்சம் பிழைத்திருக்கும். ஆனால் முதல் பத்து வருடம் பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ ஓடிவிட்டு ஊருக்கு வந்த காராக இருந்தால், துரு ஏற்கெனவே உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். ஈரத் துணியோடு மூடி வைத்த பிளாஸ்டிக் கவரும் அதற்குத் தீனி போட்டிருக்கும்.

எப்படிச் சோதிப்பது?

• டவர் உச்சியைத் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்தால் அடியில் துரு இருக்கிறது. துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் பெயின்ட்டைத் தூக்குகிறது.
• சக்கரத்தைக் கழற்றி, வீல் ஆர்ச்சுக்குள் டார்ச் அடித்து டவரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இதுதான் முக்கியம்.
• ஸ்குரூ டிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், போன தகடு மொத்தென்று சொல்லும்.
• காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி வைத்துப் பூசியிருக்கலாம். முன்பு டிங்கரிங் செய்த கார்களில் இதைக் கட்டாயம் பாருங்கள்.
• நட்டைச் சுற்றி மயிரிழை போல வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஸ்ட்ரட் பார் யோசனையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தகடு போன டவரைத் தாங்கிப் பிடிக்க பார் தயாரிக்கப்படவில்லை. அந்த டவரை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும் அனுபவமுள்ள பாடி ஷாப்தான் அதற்கு வழி. அதுவரை அந்தக் காரில் நெடுந்தூரம் போகாமல் இருப்பதே நல்லது.

எல்லாம் சரி. எப்படி மாட்டுவது?

வேலை எளிது, அவசரம்தான் கூடாது. பட்டறையில் கொடுத்துச் செய்தாலும் இந்த வரிசையைத் தெரிந்துவைத்திருந்தால் பக்கத்தில் நின்று கவனிக்கலாம்.

1. காரைச் சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்படி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள், எஞ்சின் ஆறட்டும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு டவர் நட்டுகளைக் கழற்றினால் ஸ்ட்ரட் கீழே இறங்கிவிடும்.

2. பாரை முதலில் மேலே வைத்து மட்டும் பாருங்கள். பேட்டரி முனை, பிரேக் ஆயில் டப்பா, ஏர் ஃபில்டர், ஒயர்கள் எதிலும் உரசக் கூடாது.

3. டவர் உச்சியில் உள்ள சுற்று நட்டுகளை மட்டும், ஒரு பக்கம் முடித்துவிட்டு மறு பக்கம் என்று கழற்றுங்கள். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது. அழுத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

4. பாரின் அடித்தகட்டை வைத்த பிறகு, நட்டை விரலால் சுற்றிப் பாருங்கள். நட் முழுதாக ஏறி, போல்ட்டின் மரை வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தகடு கனமாக இருந்து மரை வெளியே வரவில்லை என்றால் அந்த பார் உங்கள் காருக்கு ஆகாது. நைலான் வளையம் உள்ள நட்டாக இருந்தால் பழையதை மறுபடி போடாமல் புதிது போடுங்கள்.

5. இரு பக்க அடித்தகடுகளும் உட்கார்ந்த பிறகு நடுக்கம்பியைப் பொருத்துங்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை என்றால், ஆட்டம் போகும் அளவுக்குத் திருகினால் போதும். ‘இன்னும் டைட்டா’ என்று திருகிக்கொண்டே போனால் டவர்களை நீங்களே தள்ளி, சக்கரக் கோணத்தைக் கெடுத்துவிடுவீர்கள்.

6. கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஏர் கன் வைத்து ‘டர்ர்’ என்று இறுக்கினால் 20 வருடப் பழைய போல்ட் முறிந்துவிடலாம். அது உள்ளே மவுண்ட்டோடு சேர்ந்தது என்பதால் ஸ்ட்ரட்டையே கழற்ற வேண்டிய வேலையாகிவிடும்.

7. பானெட்டை உடனே ‘டம்’ என்று சாத்தாதீர்கள். சப்பாத்தி மாவைச் சின்ன உருண்டைகளாகப் பிடித்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, பாரின் உயரமான இடங்களில் வைத்து பானெட்டை மெதுவாக இறக்கித் திறங்கள். மாவு முழுதாக நசுங்கியிருந்தால் பானெட்டில் இடிக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் ஓடும்போது குலுங்கும் என்பதால், எஞ்சினுக்கும் பாருக்கும் இடையிலும் இடைவெளி இருக்க வேண்டும்.

8. 100 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி சரிபாருங்கள். வீல் அலைன்மென்ட்டும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மாட்டியதோடு முடிந்ததா?

இல்லை. அடித்தகட்டுக்கும் டவருக்கும் இடையில் தண்ணீர் தங்கினால் புதுத் துரு அங்கிருந்தே ஆரம்பிக்கும். மாட்டும்போது பெயின்ட் கீறியிருந்தால் உடனே டச்-அப் செய்யுங்கள்.

இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றொன்றைக் காவு கொடுக்கும். சாதாரண இரும்பு டவர் மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு இருந்தால் அரிபடுவது காரின் இரும்பு. அலுமினியத் தகடாக இருந்தால் அரிபடுவது அலுமினியம். இரண்டுக்கும் நடுவே பெயின்ட் கெடாமல் இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் கழற்றிப் பார்த்தால் போதும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பார் இல்லாத காரில் ஒரு பக்கச் சக்கரம் பெரிய பள்ளத்திலோ தடுப்பிலோ பலமாக மோதினால், சேதம் பெரும்பாலும் அந்தப் பக்கத்து டவரோடு நிற்கும். பார் இருந்தால் அந்த அடி மறுபக்கத்துக்கும் போகலாம். அப்படி மோதிய பிறகு இரண்டு டவர்களையும் சோதிப்பது அவசியம்.

எந்த பாரை வாங்குவது?

டவரில் உட்காரும் தகடும் கம்பியும் ஒரே துண்டாக வெல்டிங் செய்யப்பட்டிருந்தால் அது உறுதியானது. கம்பியின் இரு முனைகளும் ஒரே போல்ட்டில் ஆடும்படி இருக்கும் வகை, இழுப்பதையும் தள்ளுவதையும் தாங்கும், வளைவதைத் தடுக்காது. இரண்டு டவர்களோடு எஞ்சினுக்குப் பின்னால் உள்ள சுவரையும் சேர்த்துப் பிடிக்கும் முக்கோண வடிவ பார் இன்னும் உறுதியானது. ஆனால் பழைய சின்னக் கார்களில் அதற்கு இடம் இருக்காது. அதற்காகச் சுவரில் ஓட்டை போட்டால் மழைத் தண்ணீருக்கும் துருவுக்கும் வழி திறந்தது போலத்தான்.

நிறம், பிராண்டு ஸ்டிக்கர் இரண்டும் வேலை செய்யாது. தகட்டின் கனமும் வெல்டிங்கின் தரமும்தான் வேலை செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் சொன்னதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. வாகனத்தின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் ‘மாற்றம்’ என்று அந்தப் பிரிவு விளக்குகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு முரணான மாற்றங்களை அனுமதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நடந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று 182-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது.

ஸ்ட்ரட் பார் என்று பெயர் சொல்லி 52-வது பிரிவில் எதுவும் இல்லை. ஏற்கெனவே உள்ள போல்ட்டில் மாட்டி, தேவைப்பட்டால் கழற்றிவிடக்கூடிய பாருக்கும், உடலில் ஓட்டை போட்டோ வெல்டிங் செய்தோ சேர்ப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. இரண்டாவது வகை கட்டமைப்பையே தொடுகிறது, அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. முதல் வகையாக இருந்தாலும் மாட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு இ-மெயிலில் தெரிவித்து, பதிலைச் சேமித்து வையுங்கள். விபத்துக்குப் பிறகு ‘சொல்லவே இல்லையே’ என்ற பேச்சு வரக் கூடாது.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடியும். அதன் பிறகு ஆய்வுக்குக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஊரில் நிற்கும் காருக்கு இது முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஆர்.சி. காலாவதியான காருக்கு பார் வாங்குவது, சீட்டு இல்லாமல் பஸ் ஏறி ஜன்னல் சீட் தேடுவது மாதிரி.

அப்படியானால் யார் மாட்டலாம்?

டயர் புதிது, புஷ் புதிது, ஷாக் நன்றாக இருக்கிறது, டவரில் துரு இல்லை, மலைப்பாதையில் அடிக்கடி ஓட்டுகிறேன், ஸ்டீயரிங் இன்னும் கொஞ்சம் கூர்மையாக இருந்தால் நன்றாக இருக்கும் என்பவர்கள் தாராளமாக மாட்டலாம். செலவழித்த சில ஆயிரத்துக்குப் பலன் தெரியும்.

வருடத்துக்கு நாலு முறை வீட்டிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து கல்யாண வீட்டுக்கும் மட்டும் போகும் காருக்கு அது தேவையில்லை. அதே பணத்தில் லோயர் ஆர்ம் புஷ் மாற்றினால் பின்சீட்டில் உட்காரும் பாட்டிக்கே வித்தியாசம் தெரியும்.

இரண்டில் எதைச் செய்வதாக இருந்தாலும், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கவரை எடுத்ததும் சாவியைத் தேடாதீர்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்கு மேலே, டவரின் அடிப்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். பார் வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு முதல் பதில் அங்கேதான் இருக்கிறது.